போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்கால விடியற்காலையில் கடல் சில நாள் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடக்கும். அப்படி ஒரு ஜூலைக் காலையில் அண்ணன் வீட்டில் கட்டிய குட்டி விமானத்தில் வெர்ஜீனியா விமானத் திடலிலிருந்து கிளம்பி, கரையை ஒட்டியே தெற்கே மார்கேட் வரை போனோம். கரும்புக் கொல்லை ஒன்றில் தீ வைத்திருந்தார்கள். புகை சாயாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் விமானத்தின் கருவித் திரையின் மூலையில் இருந்த சின்ன அம்பு 3 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) பின்காற்று என்றது. மார்கேட்டில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு, உடனே திரும்பினோம். இப்போது வடக்கு நோக்கி. அம்பு மறுபடியும் 3 நாட் பின்காற்று என்றது.

"முருகன் தள்ளிவிடறான் தம்பி" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் திடலுக்கு வந்து சேரும்வரை அந்த அம்பு மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தத் திரை காற்றை நேரடியாக அளப்பதில்லை. ஜிபிஎஸ் சொல்லும் தரைவேகத்தையும் திசையையும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து விமானம் காற்றுக்குள் போகும் மெய்வேகத்தைக் கழிக்கிறது. மிச்சம் வருவதுதான் காற்று. எந்தத் திசையில் போனாலும் பின்காற்று மிச்சம் வருகிறது என்றால், கழிக்கிற எண் சிறியதாக இருக்கிறது. விமானம் தன் வேகத்தைக் குறைத்துச் சொல்கிறது.

அந்த 3 நாட்டைத் தேடிப் போய், 5.5 நாட் பிழையைக் கண்டுபிடித்து, கடைசியில் அரை நாட்டுக்குக் கொண்டுவந்த கதை இது. இடையில் ஒரு பழுதைச் சரிசெய்ததும் பிழை ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

விமானமும் ஆளும்

அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவர் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக வட ஆர்க்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். அண்ணன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். தமிழ் பேசுவார், பாடசாலையில் படித்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் இறக்கை ஒன்று மல்லாந்து கிடந்ததைப் பார்த்துத்தான் பழக்கம் ஆரம்பித்தது. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனவன், ரிவெட்டுக்கு மறுபக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை நின்றேன்.

விமானம் ஆர்.வி.-7. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், தாழ்ந்த இறக்கை கொண்ட, பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் அலுமினியத் தகட்டுக் கிட். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் இந்த வரிசை விமானங்களைக் கொட்டகையில் கட்டிப் பறக்கிறார்கள். இங்கே இப்படிச் சொந்தமாகக் கட்டியவற்றுக்குப் பதிவு எண் இசட்.யூ. என்று தொடங்கும். சோதனைப் பறப்பு மணிகள் முடிந்து, அனுமதி வாங்கி, நிம்மதியாக ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பின்காற்று விவகாரம் கண்ணில் பட்டது. முன்பே பட்டிருக்க வேண்டும். சோதனைக் காலத்தில் வழக்கமாக வீசும் வடகிழக்குக் காற்று அதை மூடி மறைத்துவிட்டது.

இரண்டு குழாய், ஒரு கழித்தல்

வேகமானிக்கு இரண்டு குழாய்கள் வருகின்றன. இறக்கைக்கு அடியில் முன்னோக்கி நிற்கும் பிட்டோ குழாய், மோதும் காற்றின் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது. உடலின் பின்பகுதியில் இடது பக்கமும் வலது பக்கமும் ஊசித்துளை போல இருக்கும் ஸ்டாட்டிக் துளைகள், விமானம் அங்கே இல்லாதிருந்தால் காற்றின் அழுத்தம் என்னவோ அதைச் சொல்ல வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வேகம். உயரமானிக்கு இரண்டாவது மட்டும் போதும்.

சிக்கல் இரண்டாவதில்தான். பிட்டோ குழாய் பெரும்பாலும் நேர்மையான சாமான். சில டிகிரி சாய்ந்தாலும் பொருட்படுத்தாது. ஆனால் விமானத்தின் தோலை ஒட்டி ஓடும் காற்று இடத்துக்கு இடம் வேகம் மாறுகிறது, அழுத்தமும் கூடவே மாறுகிறது. மூக்குப் பக்கம் அதிகம், இறக்கைக்கு மேல் குறைவு, வாலை நெருங்கும்போது மறுபடி கூடுகிறது. இவற்றுக்கு நடுவே வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வரும் ஒரு புள்ளியைத் தேடித்தான் துளை போடுகிறார்கள். அந்தப் புள்ளி பாலைவனத்துக் கிணறு மாதிரி, கொஞ்சம் தள்ளித் தோண்டினால் தண்ணீர் இல்லை.

எவ்வளவு நுட்பமான வேலை என்று எண்ணில் பார்க்கலாம். கடல்மட்டத்தில் 100 நாட் வேகத்தின் மோதல் அழுத்தம் 1,630 பாஸ்கல் சுமார். தண்ணீர்த் தூணில் 166 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுக்கு ஸ்டாட்டிக் அழுத்தம் தவறினால் வேகத்தில் 5 நாட் போய்விடும். உயரமானியில் அதே தவறு 44 அடியாகத் தெரியும். இந்த இரட்டை விளைவுதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

தொழிற்சாலை விமானங்களுக்கு அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்த எல்லை: வேகப் பிழை 3 சதவீதம் அல்லது 5 நாட், எது பெரியதோ அதற்குள். உயரப் பிழை ஒவ்வொரு 100 நாட்டுக்கும் 30 அடிக்குள். சொந்தமாகக் கட்டியதை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நாங்கள் அதையே இலக்காக வைத்துக்கொண்டோம்.

முதலில் ஓட்டை

அண்ணனின் முதல் யோசனை, திரையின் அமைப்புக்குள் போய்த் திருத்தப் பட்டியலில் 3 நாட் கூட்டிவிடலாம் என்பது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியல் வேகத்தைத்தான் திருத்தும். உயரமானியும், ரேடாருக்கு உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும், பக்கத்தில் மாற்றாக வைத்திருக்கும் பழைய முள் வேகமானியும் அதே தவறான அழுத்தத்தைத்தான் தின்றுகொண்டிருக்கும். தவிர, ஏன் தவறு என்று தெரியாமல் திருத்தினால், நாளைக்கு அந்தக் காரணம் மாறும்போது திருத்தமே தவறாகிவிடும். இது நடக்கத்தான் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை கசிவுச் சோதனை. அலுவலகத்துப் பையன்கள் யாருமில்லாத ஹேங்கரில் நான், அண்ணன், அவருடைய பதினைந்து வயதுப் பேரன். வலது துளையை டேப்பால் மூடி, இடது துளைமேல் ரப்பர்க் குழாயை அழுத்திப் பிடித்து, மறுமுனையில் பெரிய சிரிஞ்சால் மெதுவாக இழுக்க வேண்டும். உயரமானி 1,000 அடி ஏறும்வரை இழுத்து, குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது.

மூடிய டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமலே பறந்து, வேகமும் உயரமும் தெரியாமல் இருட்டில் கடலில் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். எங்கள் டேப் நீளமான சிவப்பு ரிப்பனோடு இருந்தது, அதன் மறுமுனையை விமானியின் இருக்கைப் பட்டையில் முடிச்சுப் போட்டோம். வேலை முடிந்ததும் பேரன் அதை எடுத்து என் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

சரி, இழுத்தேன். உயரமானி 1,000 வரை போகவே இல்லை. இழுக்கிற வேகத்துக்கு முள் ஏறியது, நிறுத்திய மாத்திரத்தில் சரிந்தது. 100 அடி 200 அடி இறக்கம் என்ற பேச்சே இல்லை, குழாய் எங்கோ திறந்தே கிடந்தது. சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் தடுப்பைக் கழற்றிப் பேரனை உள்ளே அனுப்பினோம், அந்த இடுக்கில் நுழையும் உடம்பு அவனுக்குத்தான் உண்டு. டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் அலைந்தது.

"தாத்தா, மூணு பக்கமும் போற ஜாயிண்ட்ல ஒண்ணு வெளிய வந்திருக்கு. முழுசா வரல. பாதி."

காரணம் நாங்களே. இந்த இணைப்பைச் சோதித்தது உடலைக் கட்டிய காலத்தில். அப்போது ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பிறகு தடுப்பை மாட்டும்போது அதன் விளிம்பு குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறது. குழாயின் முனை கத்தியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அது என் வேலை என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை. ஒரு அங்குலம் வெட்டியெறிந்து, முனையைச் செங்குத்தாக நறுக்கி, உள்ளே இறுகும்வரை தள்ளி, தடுப்புக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டோம். மறுபடி சோதித்ததில் ஒரு நிமிஷத்தில் 20 அடி இறக்கம். அண்ணன் துடைப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "தீந்துது" என்றார்.

தீரவில்லை.

அடைத்ததும் கூடியது

மறுநாள் காலை பறந்தபோது பின்காற்று அம்பு 3 காட்டவில்லை, 6 காட்டியது. அண்ணனின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்கேட் சுற்றைப் பற்றி இரவு யோசித்தபோதுதான் புரிந்தது. இந்த மாதிரி அழுத்தம் ஏற்றாத கேபினுக்குள் பறக்கும்போது காற்றழுத்தம் பொதுவாக வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். கதவு இடுக்குகளிலும் மூடி விளிம்பிலும் வேகமாக ஓடும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. திறந்து கிடந்த இணைப்பு வழியாக அந்தக் குறைந்த அழுத்தம் ஸ்டாட்டிக் குழாயில் கலந்துகொண்டிருந்தது. ஸ்டாட்டிக் குறைந்தால் கழித்தலில் மிச்சம் கூடும், வேகம் அதிகமாகத் தெரியும். அதே சமயம் துளைகளிலிருந்து வந்த அழுத்தம் அதிகமாக இருந்திருக்கிறது, அது வேகத்தைக் குறைத்துக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று பாதிவரை தின்றுவிட்டு, மீதி 3 நாட்டை எங்களுக்குக் காட்டியது. ஒரு திருடனைப் பிடித்ததும் அவன் கூட்டாளியின் முழு உருவம் தெரிந்தது.

திரையில் 3 நாட் கூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடப் பரிசோதனையில் யாராவது அந்த இணைப்பைச் சரியாகச் செருகியிருப்பார்கள். அதற்குப் பிறகு பட்டியலும் பொய், மானியும் பொய்.

மானி குற்றவாளியா?

துளையைக் குறை சொல்லும் முன் மானியைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைப் பலகையில் வளைத்து ஆணியடித்து, நடுவில் அளவுநாடா ஒட்டி, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றினோம். ஒரு முனை பிட்டோ குழாய்க்கு, அதோடு சிரிஞ்சும் சேர்ந்து. தண்ணீர் மட்டங்களின் வித்தியாசம் 60 மில்லிமீட்டர் என்றால் மானி 60 நாட் காட்ட வேண்டும். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போவது தற்செயல். 106க்கு 80, 166க்கு 100, 240க்கு 120, 328க்கு 140.

சிரிஞ்சை மிக மெதுவாகத் தள்ள வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டு, ஆரஞ்சுத் தண்ணீர் பேரனின் சட்டையில். இரண்டாவது தடவை ஒழுங்காக வந்தது. திரையும் முள் மானியும் எல்லாப் புள்ளியிலும் ஒரு நாட்டுக்குள் நின்றன. மானி நிரபராதி.

நான்கு திசை

இப்போது உண்மையான வேகத்தை அளக்க வேண்டும். விலையுயர்ந்த முறைகள் இருக்கின்றன. வாலுக்குப் பின்னால் நீண்ட குழாயில் கூம்பு ஒன்றை இழுத்துக்கொண்டு பறக்கலாம், விமானத்தின் தொந்தரவு இல்லாத அழுத்தம் அதில் கிடைக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு ஜிபிஎஸ் போதும். காற்றும் ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே விடியற்காலை. மேற்கிலிருந்து மலைக்காற்று சூடாக இறங்கும் நாள்களில் மெனக்கெடவே கூடாது.

வான்வெளிக்கு அனுமதி கேட்டு, அழுத்த உயரம் (உயரமானியைத் திட்ட அழுத்தத்துக்கு வைத்தால் காட்டும் உயரம்) 3,000 அடியில், காட்டும் வேகத்தை 130 நாட்டில் பிடித்துக்கொண்டு, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூக்கைத் திருப்பி ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம். அண்ணன் ஓட்ட, நான் எழுத. தரைவேகங்கள்: வடக்கே 129.6, கிழக்கே 137.9, தெற்கே 158.5, மேற்கே 151.4.

பலரும் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து 144.35 என்று நிறுத்திவிடுவார்கள். அது கொஞ்சம் அதிகம். குறுக்குக் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்தத் தள்ளலும் தரைவேகத்தில் சேர்ந்துவிடுகிறது. செங்குத்தான நான்கு திசைகளுக்கு நேரான வழி, வேகங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து, அதில் காற்றின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் காண்பது. காற்று எவ்வளவு? தெற்கு வடக்கு வித்தியாசத்தில் பாதி 14.5 சுமார், மேற்கு கிழக்கு வித்தியாசத்தில் பாதி 6.8 சுமார், இரண்டும் சேர்ந்து 16 நாட். கணக்குப் போட்டால் மெய்வேகம் 143.9. அரை நாட் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நாங்கள் தேடுவதே சில நாட்டுகளைத்தான். படமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் நான்கு தரைவேகங்களையும் ஜிபிஎஸ் காட்டும் தடத்தின் திசைப்படி வரைபடத்தாளில் புள்ளி வைத்து, அவற்றின் வழியே ஒரு வட்டம் போடலாம். வட்டத்தின் மையம் காற்று, ஆரம் மெய்வேகம். வட்டம் போட மூன்று புள்ளி போதும். நாலாவது வட்டத்தில் உட்காரவில்லை என்றால் அளவெடுக்கும்போது காற்று மாறிவிட்டது, அந்தச் சுற்றைக் குப்பையில் போடலாம்.

மெல்லிய காற்றில் மோதல் குறைவு, ஆகவே சரியான மானியும் மெய்வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். வெளி வெப்பம் 18 டிகிரி. அந்த உயரத்திலும் வெப்பத்திலும் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 0.887 பங்கு, அதன் வர்க்கமூலம் 0.942. மெய்வேகத்தை அதால் பெருக்கினால் 135.5. மானி சரியாக இருந்தால் அதைத்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 130. பிழை 5.5 நாட். உயரமானியே தவறு என்பதால் 3,000 அடி என்பதும் தவறுதான், ஆனால் அதன் பாதிப்பு 0.2 நாட்டுக்குள், விட்டுவிட்டோம்.

வேறு வேகங்களிலும் செய்தோம். 80 நாட்டில் 3 குறைவு, 100ல் 4, 150ல் 6.5. வேகத்தோடு ஏறக்குறைய அதே விகிதத்தில், 4 சதவீதம் சுமார், வளர்கிறது. துளையில் மோதல் அழுத்தத்தின் 8 சதவீதம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓடுபாதைக்கு மேலே, கடல்மட்டத்தில்

ஆனாலும் பிட்டோ பக்கம்தான் கோளாறு என்று யாராவது வாதாடலாம். அதற்குத்தான் உயரமானி. பிட்டோ தவறானால் உயரமானி அசையாது. ஸ்டாட்டிக் தவறானால் இரண்டும் ஒரே கணக்கில் தவறும். 130 நாட்டில் 5.5 நாட் குறைவு என்றால், கடல்மட்டத்தில் உயரமானி 65 அடி குறைத்துக் காட்ட வேண்டும்.

வெர்ஜீனியா திடல் கடலோரத்தில், 20 அடி உயரத்தில் இருக்கிறது. நிற்கும்போது உயரமானியை 20க்கு வைத்துக்கொண்டோம். கோபுரத்தில் அனுமதி வாங்கி, ஓடுபாதைக்கு மேல் 130 நாட்டில் ஒரு தாழ்ந்த ஓட்டம். பேரன் ஓரமாக, அனுமதித்த இடத்தில், ஓடுபாதைக்குச் செங்குத்தாகக் கைபேசியோடு நின்று, விமானம் நேர் எதிரே வரும்போது படம் எடுத்தான். ஆர்.வி.-7இன் நீளம் 20 அடி சொச்சம். படத்தில் அந்த நீளம் எத்தனை தடவை கீழே அடுக்கினால் தரை வருகிறது என்று பார்த்தால் உயரம் கிடைக்கும். இரண்டரைத் தடவை, ஆக 50 அடி. திடலின் 20ஐச் சேர்த்து, கடல்மட்டத்திலிருந்து 70.

அந்த நேரத்தில் என் கண் உயரமானியின் மேல். முள் 20லிருந்து பின்வாங்கி, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இடது பக்கம் விளக்குக் கம்பம், வலது பக்கம் இந்தியப் பெருங்கடல், நாங்கள் ஐம்பது அடியில் பறக்கிறோம், மானி அலை நுனியில் போகிறாய் என்கிறது. 65 அடி. கணக்கு அச்சு அசலாக ஒத்துப்போனது. பிட்டோவும் நிரபராதி. குற்றவாளி துளைதான்.

ஒரு பொட்டின் உயரம்

கிட்டின் வரைபடத்தில் ஸ்டாட்டிக் துளைக்குப் போட்டிருப்பது ஒரு சாதாரண பாப் ரிவெட். நடு ஊசியைத் தட்டித் தள்ளிவிட்டால் மொட்டுப்போன்ற தலையும் அதன் நடுவில் துளையும் மிஞ்சும். பார்க்க ஏழை மாதிரி இருக்கும். அண்ணன் ஆயுள் முழுக்க இயந்திரத்தை இழைத்தவர், மெழுகு போட்டுப் பளபளப்பாக்கிய உடலில் அது கரும்புள்ளியாகப் பட்டிருக்கிறது. தட்டையாக, தோலோடு சமமாக உட்காரும் அழகான துளையை வாங்கிப் பொருத்தினார். நானும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன்.

ரிவெட் தலையின் அந்த ஒரு மில்லிமீட்டர் மொட்டு சும்மா இல்லை. காற்று அதன்மேல் ஏறும்போது வேகம் கூடி, நடுத்துளையில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. அந்த இடத்தில் இயல்பாக இருக்கும் கூடுதல் அழுத்தத்தை அது ஈடுகட்டுகிறது. வடிவமைத்தவர்கள் துளையின் இடத்தை அந்த மொட்டோடு சேர்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். மொட்டைச் சீவினால் இடமும் தவறாகிவிடுகிறது.

உடனே ரிவெட்டை மாற்றவில்லை, முதலில் டேப் வைத்துப் பார்த்தோம். மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வரப்பு. வயலில் வரப்புக்கு முன்னால் தண்ணீர் தேங்கும், பின்னால் வற்றும். காற்றும் அப்படியே. வரப்புக்கு முன்பக்கம் அழுத்தம் கூடும், பின்பக்கம் குறையும். எங்களுக்குக் குறைய வேண்டும். ஆகவே வரப்பு துளைக்கு முன்னால், மூக்குப் பக்கம் வர வேண்டும். இவ்வளவு தெரிந்தும் முதல் நாள் பின்னால் ஒட்டினேன். ஹேங்கருக்குள் விமானம் வாலைக் காட்டிக்கொண்டு நின்றது, நான் என் முன்பக்கத்தை விமானத்தின் முன்பக்கமாக எடுத்துக்கொண்டேன். பிழை 8 ஆனது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தரையிறங்கியதும் மூக்கை நோக்கி ஒரு அம்புக்குறியைச் சாக்கட்டியால் உடலில் வரைந்தார், அவ்வளவுதான்.

முன்னால் மூன்று அடுக்கு ஒட்டியபோது 130ல் பிழை 3. ஆறு அடுக்கில் மறுபக்கம் தாண்டி, அரை நாட் கூடுதலாகக் காட்டியது. இதில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் டேப் வெயிலில் நழுவும், மழையில் உரியும், நுனி தூக்கிக்கொண்டால் என்ன காட்டும் என்று கடவுளுக்கே தெரியாது. டேப் எங்களுக்குக் கேள்வி கேட்க உதவியது, விடையாக அதை வைத்திருக்க முடியாது.

அண்ணன் கொட்டகைக்குப் போய் லேத்தை ஓட்டினார். அலுமினியத் தண்டிலிருந்து மூக்குத்தி அளவில் மொட்டுகள், நடுவில் துளையோடு, 0.7, 1.0, 1.3 மில்லிமீட்டர் உயரத்தில் மூன்று ஜோடி. துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அதுவே ஒரு தனிப் பிழையைக் கொண்டுவரும் என்பதால் ஒவ்வொன்றையும் பல்குத்தும் குச்சியில் பாலிஷ் தடவி உருட்டினார். பிசின் வைத்து ஒட்டி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காலைப் பறப்பு. 1.0 வென்றது. ரிவெட் தலையின் உயரமும் அதுவேதான் என்று நான் சொன்னதற்கு, அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

இப்போது 80லும் 100லும் பிழை அரை நாட்டுக்குள், 130ல் அரை நாட் குறைவு, 150ல் 1 குறைவு. ஓடுபாதை ஓட்டத்தை மறுபடி செய்தோம், உயரமானி 10 அடிக்குள் உண்மை பேசியது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பை (ஃபிளாப்) முழுக்க இறக்கி 65 நாட்டில் பார்த்தபோது மட்டும் ஒன்றரை நாட் கூடுதலாகக் காட்டுகிறது. மூக்குத் தூக்கும் கோணமும் மடிப்பும் உடலைச் சுற்றிய ஓட்டத்தை மாற்றுவதால் அது இருக்கத்தான் செய்யும். அதை ஒரு அட்டையில் எழுதி மானிக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு?

தரையிறங்கும் வேகத்துக்காக இல்லை. அண்ணன் தன் விமானம் எந்த எண்ணில் தூக்குசக்தி இழக்கிறது என்று தன் மானியிலேயே பார்த்து, அதே மானியில் 1.3 மடங்கு எடுத்து இறங்குகிறார். மானி குறைத்துச் சொன்னால் இரண்டு எண்ணும் சேர்ந்து குறையும், பெரிய மோசம் இல்லை. பயம் சிவப்புக் கோட்டில். இந்த வரிசை விமானங்களுக்கு மீறக்கூடாத வேகம் மெய்வேகத்தில் சொல்லப்படுகிறது, ஆர்.வி.-7க்கு 200 நாட். அதற்கு மேல் இறக்கையும் வாலும் படபடக்கத் தொடங்கலாம்.

அண்ணனுக்கு லெனேசியாவில் தங்கை வீடு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் திடல்கள் பலவும் 5,000 அடிக்கு மேல் இருக்கின்றன, ரேண்ட் திடல் 5,483 அடி. டிராக்கன்ஸ்பர்க் மலையைத் தாண்ட 9,500 அடியில் போகிறார் என்று வையுங்கள், வெப்பம் 10 டிகிரி. அங்கே மெய்வேகம் 200 நாட் என்பது சரியான மானியில் 169. எங்கள் பழைய துளையில் 162. முள் மானியின் முகப்பில் சிவப்புக் கோடு 200ல் தீட்டியிருக்கிறது. அதற்கு இன்னும் 38 நாட் இருக்கிறதே என்று தைரியமாக மூக்கைத் தாழ்த்தினால், எல்லையை அப்போதே தொட்டாயிற்று. உயரத்தால் வரும் 31 நாட்டை விமானி பாடமாகப் படித்திருப்பார். துளை திருடிய 7 நாட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஆகஸ்டில் மறுபடி மார்கேட் போனோம். தெற்கே போகும்போது அம்பு 9 நாட் பின்காற்று காட்டியது. திரும்பி வரும்போது 9 நாட் எதிர்க்காற்று. கரும்புப் புகையும் அதே பக்கம் படுத்திருந்தது. அண்ணன் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார், இந்த வேகத்துக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் சோறு ஆறிப் போயிருக்கும் என்று.